இரண்டாம் பாகத்தை உடனே அனுப்பவும்

தும்யாத்,
சனிக்கிழமை, காலை பத்து மணி.

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா இன்ஸாஃப் அவர்களின் சமூகத்துக்கு, தம்பி ஃபிக்ரி எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். உன் இடது முழங்கால் இந்தக் குளிரில் உன்னைப் படுத்தாமல் இருக்கவும், மச்சான் லுத்ஃபியின் குறட்டை அடுத்த வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்ளும் அளவிலேயே நிற்கவும், உன் பின்கட்டு மாமரம் இந்த வருடமும் பூக்கவும் இறைவனை வேண்டுகிறேன். என் நலத்தைக் கேட்டால், உயிரோடு இருக்கிறேன், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஃபோன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நீ நினைப்பாய். ஃபோனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நீ குறுக்கே புகுந்துவிடுவாய், அப்புறம் நான் சொல்ல வந்தது உன் மருமகள் கதைக்குள் காணாமல் போய்விடும். காகிதத்துக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது. ஆகையால் தயவுசெய்து உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடைசிவரை படி.

முதலில் காரியம். உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் நீ என் நூலகத்துக்கு வந்து, 'உப்பு வியாபாரியின் மூன்று சாவிகள்' என்ற நாவலின் இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொண்டு போனாய். பச்சைத் துணி அட்டை, முதுகில் பொன்னெழுத்து, உள்ளே ஊதா முத்திரை. பதிவேட்டில் உன் கையெழுத்து இன்றைக்கும் பளிச்சென்று இருக்கிறது. "பதினஞ்சு நாள்ல தந்துடறேன்டா" என்றாய். அதற்குப் பிறகு முப்பத்து நான்கு ரமலான் வந்து போய்விட்டது. அந்தப் புத்தகம் உன் சீர்ப்பெட்டியின் அடியில், மேசை விரிப்புகளுக்குக் கீழே இருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் நீ எதையும் தூக்கி எறிகிற ரகம் இல்லை. அதைத் தேடி எடுத்து, துணியில் சுற்றி, திங்கட்கிழமைக்குள் உங்கள் ஊர் இஸ்மாயிலியா நிறுத்தத்தில், தும்யாத்துக்கு வரும் மைக்ரோபஸ் டிரைவர் யாரிடமாவது கொடுத்தனுப்பு. புதன்கிழமை கமிட்டி வருகிறது. என் விடுதலை அந்த ஒரு புத்தகத்தில்தான் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். இந்த மாதக் கடைசியில் எனக்கு அறுபது முடிகிறது. முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால் வேலையில் சேர்ந்தபோது இந்த நூலகத்தின் நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகத்தையும் என் சொந்தப் பொறுப்பில் எடுத்துக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு எனக்கு அது கௌரவமாக இருந்தது. போகும்போது அத்தனையையும் ஒன்று விடாமல் ஒப்படைத்தால்தான் விடுவிப்புச் சீட்டு தருவார்கள். ஒப்படைக்காதவன் 'அதே இடத்தில் தொடர்வார்' என்று விதியில் எழுதியிருக்கிறது. எத்தனை நாள் தொடர்வார் என்று எழுதவில்லை. மய்யத்து ஆகி என்னைத் தூக்கிக்கொண்டு போகும்வரை என்று நானே புரிந்துகொண்டேன்.

சாதாரணமாக இருந்தால் ஒரு வாரத்து வேலை, எண்ணி ஒப்படைத்துவிட்டு உன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பேன். ஆனால் என்னுடைய கடைசி வருடம் பார்த்து மேலிடத்துக்கு ஒரு யோசனை வந்தது. போன இலையுதிர் காலத்தில் நெர்மீன் என்கிற பொறியாளர் ஒரு சுருட்டிய வரைபடத்தோடு வந்தாள். நல்ல பெண், மரியாதையான பெண், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குப் பாவம் சேரும். மேசைமேல் வரைபடத்தை விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு அகராதியை வைத்து அழுத்திவிட்டு, "ஃபிக்ரி சார், இனிமே இது வெறும் நூலகம் இல்ல. வளைஞ்சு கொடுக்கிற பண்பாட்டு வெளி" என்றாள்.

"எது வளையணும்மா?"

"எல்லாமே சார். காலைல வாசிப்பு, மத்தியானம் தையல் வகுப்பு, சாயங்காலம் இசை. அலமாரி நகரும், மேசை மடங்கும், நடுச் சுவர் இருக்காது, திரைதான்."

"அப்ப நான்?"

"நீங்களும்தான் சார்!" என்று சிரித்தாள். அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். என் இடுப்புக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. முப்பத்தாறு வருடம் நாற்காலியை இழுக்காதே, மேசையைத் தள்ளாதே, சத்தம் போடாதே என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போன மனிதனிடம் வந்து எல்லாம் நகரப் போகிறது என்றால் அவன் என்ன செய்வான்? "உங்க அனுபவம் எங்களுக்கு ரொம்ப முக்கியம் சார்" என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த முக்கியமான அனுபவத்தை இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

இப்போது ஷஹாத்தா செய்த காரியத்தைக் கேள். ஷஹாத்தாவை உனக்குத் தெரியும், நூலகத்தில் கூட்டிப் பெருக்கி, தேநீர் போட்டு, முப்பது வருடமாக என்னோடு குப்பை கொட்டுகிறவன். எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கி முகம் பூசணியாக வீங்கி மூன்று நாள் லீவு போட்டேன். அந்த மூன்று நாளில் நெர்மீன் ஃபோன் செய்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் இடத்தை 'ஃபதா' ஆக்கும் வேலை தொடங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். ஃபதா என்றால் வெளி, மேலிடத்துக்காரர்கள் இப்போது பத்து வார்த்தை பேசினால் அதில் நாலு இதுதான். நம் ஷஹாத்தா பிறந்ததிலிருந்து ஃபதா என்றால் ராக்கெட் போகிற இடம் என்று மட்டும்தான் கேட்டிருக்கிறான். நூலகம் எப்படி அங்கே போகும்? அதனால் அந்தம்மா சொன்னது 'ஃபாதி'யாகத்தான் இருக்கும் என்று அவனே திருத்திக்கொண்டான். ஃபாதி என்றால் காலி. இரண்டு எழுத்துதான் வித்தியாசம் அக்கா, அந்த இரண்டு எழுத்தில் என் வாழ்நாள் போய்விட்டது.

நான் வீங்கிய முகத்தோடு திரும்பி வந்து கதவைத் திறந்தால் உள்ளே என் இருமலே எனக்குத் திரும்பிக் கேட்கிறது. ஒரு புத்தகம் இல்லை. ஷஹாத்தா நடுவில் நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பாராட்டுக்காகக் காத்திருக்கிறான்.

"சார், அந்தம்மா இடம் ஃபாதி ஆகணும்னாங்க. ஆக்கிட்டேன். ஒரு தாள் மிச்சமில்ல."

"அவங்க சொன்னது ஃபதாப்பா! ஃபதா! வெளி!"

"அதான் சார், எல்லாத்தையும் வெளியதான் போட்டேன்."

எனக்கு அப்படியே உட்காரத் தோன்றியது, உட்கார நாற்காலிகூட இல்லை. எங்கே போட்டாய் என்று கேட்டேன். பின்பக்கக் கிட்டங்கியில் மழைத் தண்ணீர் முழங்கால் அளவு நின்றதாம், அங்கே வைத்தால் ஊறிப்போகும் என்று அவனுக்குப் புத்தியாக ஒரு யோசனை. வெங்காய மூட்டைச் சாக்கில் கட்டி, தெருவில் வீட்டுக்கு ஒரு சாக்கு என்று பாதுகாப்பாகக் கொடுத்துவிட்டானாம். "நம்ம தெரு ஜனங்கதானே சார், எங்க ஓடிடப் போறாங்க?" என்றான். எந்தச் சாக்கு எந்த வீட்டில் என்று பட்டியல் எழுதினாயா என்றேன். எழுதினானாம். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எங்கே எழுதினாய் என்றேன். சாக்பீஸால் நடுச் சுவரில், பெரிய பெரிய எழுத்தில், யாரும் திருட முடியாதபடி எழுதியிருக்கிறான். அந்த நடுச் சுவரை அன்று காலைதான் ஆட்கள் வந்து இடித்துவிட்டுப் போனார்கள்.

இதற்கு நடுவில் தச்சு மேஸ்திரி பர்ஹாம். நம் ஊர்த் தச்சர்களைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கெய்ரோவில் எந்தப் பெண் கல்யாணமாகிப் போனாலும் அவள் கட்டில் இங்கிருந்துதான் போகிறது. நெர்மீன் கேட்டது சக்கரம் வைத்த லேசான ஆறு அலமாரி. பர்ஹாம் தலையை ஆட்டினார், அளவெடுத்தார், ஒரு மாதம் கழித்துக் கொண்டு வந்து இறக்கினார். நான் சுற்றி வந்து பார்த்தேன். ஒவ்வொரு அலமாரிக்கும் நான்கு சிங்கக் கால், உச்சியில் பொன் பூசிய ரோஜாக் கொத்து, நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு நிலைக்கண்ணாடி. ஒவ்வொரு சிங்கக் காலுக்கு அடியிலும் ஒரு சின்னச் சக்கரம்.

"மேஸ்திரி, லேசா வேணும்னுதானே சொன்னாங்க?"

"உஸ்தாத் ஃபிக்ரி, புத்தகம்னா ஒரு மரியாதை வேணாமா? மொட்டைப் பலகைலயா அடுக்குவீங்க? எங்கப்பா கல்லறைலேர்ந்து எந்திரிச்சு வந்து என்னை அடிப்பாரு."

"கண்ணாடி எதுக்கு?"

"படிக்கிறவங்க நடுநடுல மூஞ்சி பாத்துக்கட்டும். தூங்கிட்டு இருந்தா தெரிஞ்சிரும்ல?"

ஆறு பேர் சேர்ந்தால்தான் ஓர் அலமாரி அசையும். ஆனால் நம் நூலகத்துத் தரை வாசலைப் பார்த்துச் சரிந்திருக்கிறது, நைல் நதிப் பக்கம் இருக்கிற பழைய கட்டடம் எல்லாமே அப்படித்தான். அதனால் ஆறு பேர் இல்லாமலே, யாரும் தொடாமலே, அது தானாக நகரவும் தெரிந்துவைத்திருந்தது. ஒருநாள் மதியம் நான் எதிர்ப்பக்கம் நின்று தும்மினேன். மூன்றாம் அலமாரி மெதுவாகப் புறப்பட்டு, கதவைத் தாண்டி, சக்கர நாற்காலிக்காரர்களுக்காக நெர்மீன் போட்ட சரிவில் இறங்கி, தெருவைக் கடந்து, முடிதிருத்துகிற ஜகியின் கடை வாசலில் போய் நின்றது. உள்ளே பாதி தாடி எடுத்த ஒரு மனிதர் திரும்பிப் பார்த்து, எதிரே சிங்கக் காலோடு தன் முகம் நிற்பதைக் கண்டு அலறிவிட்டார். அந்த வழியாகப் போன, கல்யாண வயதில் பெண் வைத்திருக்கிற ஒருவர், "இதுக்கு ஜோடியாக் கட்டிலும் இருக்கா?" என்று என்னிடம் கேட்டார். நான் இல்லை என்றேன். இப்படியாகத்தான் என் நாள்கள் போயின.

இனி வீடு வீடாகப் போன கதை. பட்டியல் இல்லை, ஆகவே ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். ஆறு வாரம். ஒவ்வொரு வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள், ஒவ்வொரு வீட்டிலும் தேநீர், வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள், ஒருநாள் பத்தொன்பது தேநீர் குடித்துவிட்டு இரண்டு புத்தகத்தோடு திரும்பினேன். ஒரு வீட்டில் பெரிய அகராதியைத் துணி துவைக்கும் மிஷினுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்தார்கள், நான் அதை உருவியதும் மிஷின் ஆடிக்கொண்டே கூடத்துக்கு வந்துவிட்டது, அந்தம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. மருத்துவப் புத்தகம் போன வீட்டில் ஐந்து பேருக்கும் கணையத்தில் கோளாறு என்று அவர்களே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். வாடகைச் சட்டத்தின் முதல் பாதி மாடி வீட்டுக்காரரிடமும் இரண்டாம் பாதி கீழே குடியிருப்பவரிடமும் போய்ச் சேர்ந்து, பதினொரு வருடம் ஒற்றுமையாக இருந்தவர்கள் இப்போது படிக்கட்டில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

உம்மு ஷாகிர் வீட்டுக்கு நான் ஏழு தடவை போனேன். மொட்டை மாடியில் வாத்து வளர்க்கிறாள், நீயும் பெருநாளுக்கு அவளிடம் வாங்கியிருக்கிறாய். ஏழு தடவையும் அதே காட்சி. இடது முழங்காலுக்கு அடியில் ஒரு வாத்தை அமுக்கிப் பிடித்து, ஊறவைத்த அவரைக்கொட்டையை ஒவ்வொன்றாக அதன் தொண்டைக்குள் தள்ளிக்கொண்டு, தண்ணீர்ப் பானையில் சாய்த்து வைத்த 'உப்பு வியாபாரியின் மூன்று சாவிகள்' முதல் பாகத்தைச் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டிருப்பாள். பக்கம் புரட்டுவது அவரைக்கொட்டைக் கையால்தான்.

"உம்மு ஷாகிர், அது அரசாங்கப் புத்தகம்."

"இருக்கட்டுமே. நான் என்ன திங்கவா போறேன்? இன்னும் நாப்பது பக்கம் இருக்கு. மர்ஸூக் படகுல ஏறிட்டான், புயல் வருது, கூடப் பொறந்த தம்பி யூனுஸ் கயித்தை அறுத்துட்டான். இந்த நேரத்துல வந்து புடுங்கறீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "முப்பத்தாறு வருஷமா கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனேம்மா. ஒருநாள் வந்திருக்கியா?" என்றேன்.

"வந்தேனே. கல்யாணமான புதுசுல. எனக்கு வாய்விட்டுப் படிச்சாத்தான் மண்டைல ஏறும். நீங்க 'ஷ்ஷ்'னீங்க. போயிட்டேன்."

நான் படியிறங்கி வந்துவிட்டேன். அந்த நாற்பது பக்கத்தையும் முடித்த பிறகுதான் கொடுத்தாள்.

அந்தப் புத்தகத்தின் மூன்றாம் பாகம் ஜகியின் கடையில் இருந்தது. ஜகி ஒரு தலைக்கு ஒரு பக்கம் என்று வாடிக்கையாளர்களுக்கு வாசித்துக் காட்டுகிறார், வருகிற தலையும் குறைவு, அதனால் இன்னும் பதினொன்றாம் பக்கத்தில்தான் இருக்கிறார். முதல் நான்கு பக்கத்தைக் காணோம். எலி தின்றுவிட்டது என்கிறார், ஆனால் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு தாளில் சவர நுரையைத் துடைத்து வைத்திருந்ததை நான் பார்த்தேன். மூன்றாம் பாகம் ஓர் இழவுப் பந்தலில் தொடங்குகிறது. செத்தது யார் என்பது அந்த நான்கு பக்கத்தோடு போய்விட்டது. பதினொன்றாம் பக்கம் வரைக்கும் 'அந்த நல்ல மனிதர்' என்றுதான் எல்லோரும் சொல்லி அழுகிறார்களே தவிர, பேர் சொல்லவில்லை. இரண்டாம் பாகம் இருந்தால் தெரிந்துவிடும். அது உன் சீர்ப்பெட்டியில் இருக்கிறது. அதனால் உம்மு ஷாகிர் மாடியிலிருந்தும் ஜகி கடையிலிருந்தும் தெருவே கேட்கக் கத்துகிறார்கள்.

"செத்தது யூனுஸ்தான்! கயித்தை அறுத்தவனுக்கு அதான் கதி!"

"உனக்கு என்னம்மா தெரியும்? மூணாம் பாகம் என் கைல இருக்கு! பந்தல்ல அவ்ளோ கூட்டம். துரோகிக்கு யாராவது அவ்ளோ கூட்டம் கூடுவாங்களா? மர்ஸூக்தான்!"

"மர்ஸூக் செத்தா மூணாம் சாவி யார்கிட்ட இருக்கும்? முடி வெட்டுற கத்தியால மூளையையும் வெட்டிக்கிட்டியா?"

காப்பிக் கடையில் இப்போது பந்தாட்டம் பற்றிப் பேச்சே இல்லை, மர்ஸூக் கட்சி ஒரு மேசை, யூனுஸ் கட்சி ஒரு மேசை. மூன்றாம் பாகத்தை ஜகியிடமிருந்து பிடுங்க எனக்குத் தெம்பில்லை. பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கடன் கொடுத்ததாக எழுதிவிட்டேன், அப்படி எழுதினால் கணக்கு சரியாம். உன் கையெழுத்தும் இருக்கிறதே என்று மேலிடத்தில் கேட்டேன். முப்பத்து நான்கு வருடம் ஆனால் அது கடன் இல்லை, காணாமல் போனது என்று சொல்லிவிட்டார்கள். ஆக, நாலாயிரத்து இருநூற்றுப் பதினொன்று கணக்கில் வந்துவிட்டது. மிச்சம் ஒன்று.

போன வியாழக்கிழமை திறப்பு விழா. மேலிடத்திலிருந்து மூன்று கார் வந்தது. கமிட்டி கணக்குப் பார்க்கும்வரை புத்தகத்தையெல்லாம் நான் பின்னறையில் வைத்துப் பூட்டியிருந்தேன், அலமாரி ஆறும் காலியாக, கண்ணாடி மட்டும் பளபளவென்று நின்றன. வந்தவர்கள் அதில் மாறி மாறித் தங்கள் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, "ஆஹா, இதுதான் ஃபதா!" என்றார்கள். ஷஹாத்தா என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

முதல் திரைக்குப் பின்னால் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். இரண்டாம் திரைக்குப் பின்னால் ஒரு வாத்தியார் ஊத் என்கிற தந்தி வாத்தியம் சொல்லித் தருகிறார். மூன்றாம் திரைக்குப் பின்னால், இடம் சும்மாதானே இருக்கிறது என்று யாரோ இரண்டு குடும்பம் வந்து ஃபாத்திஹா ஓதி நிச்சயதார்த்தம் நடத்திக்கொண்டிருந்தார்கள், என் வாயிலும் ஒரு கற்கண்டைத் திணித்தார்கள். ஊத் ஏற ஏற இந்தப் பக்கம் ரத்த அழுத்தமும் ஏறுவதாக அந்த நர்ஸ் புகார் சொன்னாள். நான் பழக்கதோஷத்தில் "ஷ்ஷ்" என்றேன். ஊத் வாத்தியார் திரையை விலக்கி, "எந்த சுருதி சார் அது?" என்று கேட்டார். 'அமைதி காக்கவும்' என்று முப்பத்தாறு வருடம் நடுச் சுவரில் தொங்கிய என் பலகையை, மாட்டுவதற்கு வேறு சுவர் இல்லாமல், கழிப்பறைக் கதவில் மாட்டியிருக்கிறார்கள். நெர்மீன் கண் கலங்கி, "பாத்தீங்களா சார், எவ்வளவு உயிரா இருக்கு!" என்றாள். அவளுக்கு உண்மையான சந்தோஷம். அதைக் கெடுக்க மனம் வராமல் கற்கண்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

அக்கா, அலுத்துவிட்டது. கோபம்கூட இல்லை, வெறும் அலுப்பு. நான் என்ன பெரிதாகச் செய்துவிட்டேன்? பரீட்சை சமயத்தில் மின்விசிறிக் காற்றுக்காகப் பிள்ளைகள் வந்தார்கள், வேலையில்லாதவர்கள் பேப்பர் பார்க்க வந்தார்கள், மழைக்கு ஒதுங்க எல்லோரும் வந்தார்கள். இத்தனை வருடத்தில் ஒருத்தர், ஒரே ஒருத்தர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, 'ஃபிக்ரி, அடுத்தது எதைப் படிக்கலாம்?' என்று கேட்டதில்லை. அதைக் கேட்பார்கள் என்று நினைத்துத்தான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த நாலாயிரத்துச் சொச்சத்தில் பாதியைப் படித்து வைத்தேன். எனக்குப் பதிலாக வரப்போகிறவருக்கு நூலகர் என்ற பேர்கூடக் கிடையாதாம், ஒருங்கிணைப்பாளராம். நல்லது, அவர் ஒருங்கிணைக்கட்டும். எனக்கு உன் பின்கட்டு அறை போதும். நான்கு பக்கமும் சுவர் இருக்கிற அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஜன்னலில் மாமரம். சக்கரம் வைத்த எதையும் அதற்குள் வைக்காதே. மச்சானிடம் சொல்லி வை, நான் அதிகம் சாப்பிட மாட்டேன், அதிகம் பேசவும் மாட்டேன்.

ஆகவே மறுபடியும் மன்றாடிக் கேட்கிறேன், பெட்டியைத் திற, பச்சைப் புத்தகத்தை எடு, திங்கட்கிழமைக்குள் அனுப்பு. புதன்கிழமை கமிட்டி முத்திரை குத்தும், வியாழக்கிழமை மாலை உன் வீட்டு வாசலில் நான் பெட்டியோடு நிற்பேன், இறைவன் நாடினால்.

மச்சானுக்கு என் சலாம். மருமகளுக்கு நல்ல புத்தியும் உனக்கு அதைத் தாங்கும் பொறுமையும் கிடைக்கட்டும். பேரப்பிள்ளைகள் கண்ணில் என் முத்தம். உன் வீட்டில் அடுப்பு அணையாமலும் கதவு எனக்கு அடைபடாமலும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, களைத்துப்போன உன் தம்பி,

ஃபிக்ரி.

பின்குறிப்பு: பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வந்து எழுதுகிறேன். காலையில் உறையை ஒட்டப் போனபோது உம்மு ஷாகிர் நூலகத்துக்குள் வந்தாள், கையில் வாத்து இறகு ஒட்டியிருந்தது. பின்னால் ஜகி, கழுத்தில் துண்டோடு அவர் கடையிலிருந்த வாடிக்கையாளர், காப்பிக் கடையின் இரண்டு மேசைக்காரர்களும். மேசைக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். இவர்களுக்கும் கணையத்தில் கோளாறோ என்று நினைத்தேன்.

"உஸ்தாத் ஃபிக்ரி," என்றாள் உம்மு ஷாகிர், "நீங்க எல்லாத்தையும் படிச்சவராமே. ஷஹாத்தா சொன்னான். செத்தது யாரு? அது தெரிஞ்சாகணும். அப்புறம், அது முடிஞ்சா அடுத்தது எதைப் படிக்கட்டும், அதையும் சொல்லுங்க."

அக்கா, நான் கொஞ்சநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் அழுக்கு எதுவும் இல்லை.

பிறகு ஷஹாத்தா மூன்று திரையையும் இழுத்து ஒன்றாக்கினான், ஊத் வாத்தியார் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியைக் கிட்டே போட்டார், நர்ஸ் ஒருவர் கையில் கட்டிய பட்டையைக் கழற்ற மறந்து அப்படியே வந்து உட்கார்ந்தாள். நான் இரண்டாம் பாகத்தைச் சொல்லத் தொடங்கினேன். ஒரு சத்தமில்லை. யாரும் 'ஷ்ஷ்' சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, தானாக வந்த அமைதி. ஆனால் நான் அதைப் படித்து முப்பத்தைந்து வருடம் ஆகிறது. புயல் ஓயும்வரைக்கும் நினைவிருந்தது. புயலுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று சுத்தமாக மறந்துவிட்டது. அத்தனை முகமும் என்னையே பார்க்கிறது, நிறுத்த முடியவில்லை, நானே சொந்தமாகச் சொல்லிக்கொண்டு போனேன். உம்மு ஷாகிர் தேம்பித் தேம்பி அழுதாள். ஜகி எழுந்து நின்று, "நான்தான் அப்பவே சொன்னேனே!" என்று கத்தினார். மீதி அடுத்த வியாழக்கிழமை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதற்குள் ஜகி எத்தனை தலை வெட்டுவார், எத்தனையாவது பக்கத்துக்குப் போவார் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன், செத்தவர் பேர் வருகிற பக்கம் வந்துவிட்டால் என் கதை முடிந்தது.

ஆகையால் மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. புத்தகத்தை டிரைவரிடம் கொடுக்காதே. மேலிடத்திலிருந்து யாராவது ஃபோன் செய்தால், அப்படி ஒரு புத்தகத்தை நீ பிறந்ததிலிருந்து பார்த்ததே இல்லை என்று சொல், அது கிடைக்காதவரைக்கும் விதிப்படி நான் தொடர்வேன். பின்கட்டு அறையில் வெங்காயத்தைக் கொட்டி வைத்துக்கொள். ஆனால் உன் முழங்காலைப் பார்க்காமல் இப்போதே எழுந்து பெட்டியைத் திறந்து, புயலுக்கு அடுத்த அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு எனக்கு ஃபோன் செய். இந்தத் தடவை நீ குறுக்கே பேசினாலும் பரவாயில்லை. செத்தது அண்ணனா தம்பியா என்று மட்டும் சொல். நான் அவசரப்பட்டு மர்ஸூக்கைக் கொன்றுவிட்டேன்.